குளித்து வந்த கைக்கடிகாரம்

மலேசியாவின் கிள்ளான் ஸ்டேஷனில் நல்ல மழை. ரயில் ஏற நின்ற வரிசையில் எனக்கு முன்னால் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், ரயில் கார்டிடம், அவர் பழுதுபார்க்கத் தந்திருந்த கைக்கடிகாரத்தைக் கொடுத்தார்.

“இதக் கட்டிக்கிட்டே குளிச்சுப் பாத்துட்டேண்ணே.”

“யோவ், என் கடிகாரத்தோடயா? இன்னொரு தடவ தண்ணி பூந்து நின்னுச்சுன்னா என்னைய கார்டு வேலையிலேர்ந்தே தூக்கிடுவாங்கய்யா!”

“நிக்காது லா. சாவி குடுக்குற திருகு உக்கார்ற சின்னக் குழாய்தான் தேஞ்சிருந்துச்சு. புதுசா கடைஞ்சு போட்டு, சுத்தி அரக்கு வச்சு அடைச்சிருக்கேன். கண்ணாடில ஆவி தெரியுதா, பாருங்க.”

“இல்ல.”

“செஞ்ச கம்பெனிக்காரனே இப்படி அடைக்க மாட்டான்.”

கார்டு கடிகாரத்தை இடது மணிக்கட்டில் கட்டினார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். நாங்கள் எல்லோரும் ஏறியதும் பச்சைக் கொடியை இடக்கைக்கு மாற்றி, மழையில் நீட்டி ஆட்டினார்.

“தொடைக்காதீங்கண்ணே, நல்லா நனையட்டும்!” என்று வாசலில் நின்று பெட்டிக்கே கேட்கும்படி கத்தினார் பழுதுபார்த்தவர்.