நிலாவைக் கழிக்காத கணக்கு

அக்கா: ...சரி, முதல் வரியை இன்னொரு தரம் படி.

தம்பி: "மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அறிவித்த புதிய கோள் உண்மையில் இல்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

அக்கா: போன தடவை எழுதினதுல 'ஆழ்ந்த'ன்னு இருந்துதே?

தம்பி: இரங்கல் செய்தி மாதிரி இருந்துதுக்கா.

அக்கா: ஒரு கோளே போயிடுச்சு... எழுதலாம், தப்பில்ல.

தம்பி: நீயுமா? வானாய்வுக்கூடமே சிரிக்குது. வாசல்ல காவலாளிகூட, 'சார், உங்க கோள் கிடைச்சுதா?'ங்கறார்.

அக்கா: காரணம் எழுதிட்டியா?

தம்பி: ம்... நிலா இழுக்கிற இழுப்புல பூமி மாசம் ஒரு தரம் லேசா ஆடுது. நட்சத்திரத்தோட அசைவை அளந்தப்ப, பூமி சூரியனைச் சுத்துற வேகத்தைக் கழிச்சேன். இந்த ஆட்டத்தைக் கழிக்க மறந்துட்டேன். ஆடினது நாம. நட்சத்திரம் ஆடுது, ஏதோ கோள் அதை இழுக்குதுன்னு உலகத்துக்கே சொல்லிட்டேன்.

அக்கா: நிலா பூமியைச் சுத்துற அதே இருபத்தேழு நாளைக்கு ஒரு ஆட்டம்னு வந்தப்பவே...

தம்பி: உறைச்சிருக்கணும். நான் அறிவிப்புக் கூட்டத்துல மேடையேறி ஜோக் அடிச்சேன். 'அங்க வருஷத்துக்கு இருபத்தேழே நாள், அந்தக் கோள்ல பிறந்திருந்தா எனக்கு இப்ப ஐந்நூறு வயசு'ன்னு.

அக்கா: எல்லாரும் கைதட்டினாங்க. என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் தட்டல.

தம்பி: கணக்கைச் சரிபார்க்கிறதுதானே மாமாவுக்கு வேலை? மறுவாரமே ராஜினாமா பண்ணத் தெரிஞ்சவருக்கு, முன்னாடியே ஒரு வார்த்தை...

அக்கா: அடுத்த வரியைப் படி.

தம்பி: "இப்பிழையை அப்போது எவரும் சுட்டிக்காட்டவில்லை."

அக்கா: அதை அடிச்சுடு.

தம்பி: ஏன்?

அக்கா: அவர் சுட்டிக்காட்டினார். 'நிலாவைக் கழித்தாயா?'... ஒரே வரி, துண்டுத் தாள்ல. உன்கிட்ட கொடுக்கச் சொன்னார். கூட்டத்துக்கு முந்தின நாள்.

தம்பி: அக்கா...

அக்கா: குறுக்க பேசாதே, அப்புறம் சொல்ல வராது. நீ புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னே. சீட்டி வேற அடிச்சே. கொடுக்க மனசு வரல. என் கைப்பையிலேயே வச்சுட்டேன். நீ படிச்சும் மதிக்கலைன்னு நினைச்சுத்தான் அவர் வேலையை விட்டார். இப்பவும் எங்க வீட்டுல உன் பேரை எடுத்தா, சாப்பிடுற தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுறார். மூணு வருஷமா நான் வாயே திறக்கல... திட்டுடா. ஏதாவது சொல்லு.

தம்பி: மேடை ஏறுறதுக்கு முன்னாடி உன் பையில பேனா தேடினேன்க்கா. அந்தத் தாளைப் படிச்சேன். மடிச்சு, இருந்த இடத்துலயே வச்சுட்டுப் போய்ப் பேசினேன்... மாமா நினைச்சது சரிதான்.