பதினெட்டு நிமிட ஜெபமும் ஒரு சாண் சாட்டையும்

காப்பியில் சீனி போதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், ஐயா. என் மனைவி கிறிஸ்டி, மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போய் ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் சீனி ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள் அல்லவா, நல்லது. இந்தத் தெருவில் யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

நீங்கள் எங்கள் சபைக்குப் போதகராக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். எதிர்வீட்டு இன்பமணி டீச்சரின் நாய் சிம்சோனை இன்று மாலை ஐந்து மணிக்கு வள்ளியூருக்கு அனுப்புகிறார்கள். டீச்சரின் தம்பிக்கு அங்கே தோட்டம் இருக்கிறது. அங்கே அவனைச் சங்கிலியில் கட்டிப் போடுவதாகப் பேச்சு. தெருவில் பாதிப் பேரின் செருப்பையும் பையையும் தின்றுவிட்டான் என்பது அவன்மேல் உள்ள குற்றச்சாட்டு. இப்போது மணி நாலாகப் பத்து நிமிடம். அவன் விஷயமாகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

என் பெயர் சுவிசேஷமுத்து. தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தவன் இல்லை. பிறத்தியார் பொருளைத் தொடாதவன் என்று எனக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பின்னால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்தது.

என் மகள் டார்லின் பள்ளிக்கூடம் போன காலத்தில் கிறிஸ்டிக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. ஆகவே பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது என் வேலையாக இருந்தது. மூன்று கால் பின்னலில் தொடங்கி நாலு கால் பின்னலுக்கு வந்தேன். பாளையங்கோட்டையில் நாலு கால் பின்னலை ஒழுங்காகப் போடத் தெரிந்த ஆண்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போது டார்லின் தலைமுடியைத் தோளோடு வெட்டிவிட்டாள். கிறிஸ்டியும் ஊரில் இல்லை. பின்னிய விரல் சும்மா இருக்காது, ஐயா. ஒருநாள் திரைச்சீலையின் நூலைப் பின்னிக்கொண்டிருந்தேன், நினைவே இல்லாமல்.

மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் என்று எனக்கு ஒரு சிநேகிதர். செருப்புக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் மிஞ்சும் தோல் துண்டுகளில் கொஞ்சம் வாங்கிவந்து சாவிக்கொத்து பின்னினேன். வார் நீளமாகப் போய்விட்டது, வால் மாதிரி தொங்கியது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"என்ன வே இது, சாட்டை மாதிரில்லா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். அன்றே குடைக்கம்பியில் விரல் நீளம் ஒடித்து, அதன்மேல் தோலைச் சுற்றிக் கைப்பிடி செய்தேன். அதிலிருந்து ஒரு சாண் வால், நுனியில் முடிச்சு, முடிச்சுக்குக் கீழே சின்னக் குஞ்சம். மேலே ஒரு வளையம். அணில்கூடப் பயப்படாத சாட்டைதான். ஆனால் முழுச்சாட்டைக்கு உள்ள அத்தனை அங்கமும் அதற்கு உண்டு. முதல் சாட்டையைச் சாவியில் மாட்டிய அன்று எனக்கு வந்த சந்தோஷம், பென்ஷன் ஆர்டர் வந்த அன்றுகூட வரவில்லை.

ஒரு உள்ளங்கை அளவு தோலை ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டமாக வெட்டிக்கொண்டே போனால், முறுக்குச் சுற்று பிரிந்து வருகிற மாதிரி இரண்டு முழ வார் வரும். நாலு வார் சேர்ந்தால் ஒரு சாட்டை. ஆகவே தோல் நிறைய வேண்டியதில்லை. நான் பேராசைக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் காஜா முகைதீன் ரெக்ஸினுக்கு மாறிவிட்டார். "தோல் செருப்ப இப்ப யாரு வே கேக்கா" என்று கையை விரித்துவிட்டார். ரெக்ஸினைப் பின்னிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மேல்பூச்சு உரிந்து, வியாதி வந்த பல்லி மாதிரி ஆகிவிட்டது. அதைச் சாட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் என் ஷூவை வெட்டினேன். பிறகு என் இடுப்புப் பெல்ட். பிறகு கிறிஸ்டி பீரோவுக்குள் துணி சுற்றி வைத்திருந்த கைப்பை. அவள் வந்தால் என்ன சொல்வது என்று அன்று யோசித்தேன். வர இன்னும் மாதங்கள் இருந்தன. தவிர, அவளுக்கென்று அதிலேயே ஒரு சாட்டை பின்னி வைத்திருக்கிறேன். அவளுடைய பொருள் அவளுக்கே வந்து சேர்கிறது, வடிவம்தான் மாறியிருக்கிறது. இந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு எல்லாமே சுலபமாகிவிட்டது.

நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் வீட்டு ஜெபம் நடக்கும். ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே பாயில் உட்காருவார்கள். எனக்கு முட்டி வலி என்பதால் நிலைப்படி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். கையை நீட்டினால் செருப்பு. முட்டி வலி உண்மையானதுதான், ஐயா. அதில் பொய் இல்லை.

கடைசி ஜெபத்தை எபனேசர் அண்ணாச்சி ஏறெடுப்பார். பதினெட்டு நிமிடம். நான் பல வாரம் கடிகாரம் பார்த்திருக்கிறேன், ஒரு நிமிடம் முன்னே பின்னே போகாது. முதலில் தேசத்துக்காக, பிறகு மழைக்காக, பிறகு நோயாளிகளுக்காகப் பெயர் பெயராக. கடைசியில் கூடங்குளத்தில் வேலை பார்க்கும் தன் மகனுக்காக, அவனுக்குப் பெண் அமையாததற்காக. அத்தனை நேரமும் எல்லாரும் கண்ணை இறுக மூடியிருப்பார்கள். அரைப் பிளேடு ஒன்றை, கை வெட்டாமல் இருக்கப் பிளாஸ்திரி ஒட்டி, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருப்பேன். தேசத்துக்கு அவர் தொடங்கும்போது நான் தொடங்குவேன். நோயாளிகளுக்கு வரும்போது ஒரு வட்டம் முடிந்திருக்கும். கூடங்குளம் என்ற பெயர் காதில் விழுந்ததும் பிளேடு புத்தகத்துக்குள் போய்விடும். ஆமென் சொல்ல நான் ஒருநாளும் தவறியதில்லை.

அந்தக் கூட்டத்தில் கண் திறந்திருப்பவர்கள் இரண்டே பேர். நானும் சிம்சோனும். டீச்சர் எந்த வீட்டுக்கு வந்தாலும் அவனும் பின்னாலேயே வந்து, செருப்புகளுக்கு நடுவே தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வான். நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருமுறைகூடக் குரைத்ததில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குதிகால் வார் இல்லாவிட்டாலும் செருப்பு செருப்புதான். அதனால் ஆரம்பத்தில் குதிகால் வாரோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு உள்தோல். பிறகு டீச்சரின் கைப்பை மூடி. பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் நாற்காலிக்குக் கீழேதான் வைப்பார்கள், அது வசதியாக இருந்தது. கடைசியாக எபனேசர் அண்ணாச்சியின் வேதாகம உறை. ஜெபிக்க எழும்போது வேதாகமத்தை அவர் என் நாற்காலிப் பக்கம் வைத்துவிட்டுப் போவார். சிங்கப்பூர் தோல், ஐயா, வெண்ணெய் மாதிரி இருக்கும். முன்பக்கத்தில் பொன்னெழுத்தில் பெயர் இருந்ததால் பின்பக்கம் மட்டும் எடுத்தேன். வேதாகமத்தின் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.

பழி சிம்சோன்மேல் விழ நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. உறை போன அன்று ஒரு சின்னத் துண்டை அவன் முன்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான். எபனேசர் அண்ணாச்சி வெளியே வந்து உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன நேரா கடிச்சிருக்கான், பாத்தியளா" என்றார். "ஸ்கேல் வச்ச மாதிரி."

"அவனுக்குப் பல்லே நாலுதான் அண்ணாச்சி இருக்கு" என்றார் இன்பமணி டீச்சர். "பன்ன பால்ல ஊறப்போட்டுத்தான் குடுக்கேன். அவன் எங்கன தோலக் கடிக்க?"

"பல்லு இல்லாததுக்குத்தான் டீச்சர் சவைக்க ஆச வரும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான்தான் குறுக்கே வந்து, வாயில்லா ஜீவன், இந்த ஒருதடவை மன்னித்துவிடலாம் என்று சொன்னேன். என் நல்ல மனதை அன்று பலர் மெச்சினார்கள்.

இதற்கிடையில் நான் சாட்டைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாருடைய தோலோ அவருக்கே, பத்து நாளைக்குள். ஒருவர் தோலை இன்னொருவருக்குக் கொடுத்ததே இல்லை. எபனேசர் அண்ணாச்சி சாட்டையை வாங்கித் தடவிப் பார்த்து, "அடேயப்பா, என்ன மெத்துன்னு இருக்கு வே, எங்கன பிடிச்சீரு இந்தத் தோல?" என்றார். மேலப்பாளையத்தில் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சாட்டைக்காக நன்றி ஏறெடுத்தார். அன்று மட்டும் பத்தொன்பது நிமிடம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து, நீங்கள் கிளம்பிய பிறகு, சிம்சோனைப் பற்றிப் பேசக் கூடினோம். பதினாலு பேர். ஒவ்வொருவர் கையிலும் வண்டிச் சாவி, சாவியில் என் சாட்டை. அதை விரலில் சுழற்றிக்கொண்டே நாயைத் திட்டினார்கள். நாயை ஊரைவிட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்தால் ஏன் என்று கேட்பார்களே.

இவ்வளவும் என் நிம்மதியைக் கெடுக்கவில்லை, ஐயா. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. கெடுத்தது இன்று காலை நடந்ததுதான்.

காலையில் இன்பமணி டீச்சர் வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் சிம்சோனின் கழுத்துப் பட்டை. நல்ல எருமைத் தோல், பதினோரு வருடம் அவன் கழுத்தில் கிடந்து பதமானது. இதுவரை அதை நான் தொடாததற்குக் காரணம் அது அவன் கழுத்திலேயே இருந்ததுதான்.

"அண்ணாச்சி, அங்கன போனா அவனுக்குச் சங்கிலிதான், இது வேண்டாம்னு தம்பி சொல்லிட்டான்" என்றார். "இதுல ஒரு சின்னச் சாட்டை பின்னித் தருவியளா? சாவியில மாட்டிக்கிடுதேன். வீட்டப் பூட்டுதப்பல்லாம் அவன் ஞாபகம் வரும்லா."

யோசித்துப் பார்த்தேன். இந்த ஏழு மாதத்தில் ஒருவர் தாமாக முன்வந்து என் கையில் கொடுத்த முதல் தோல் அதுதான். பிளேடை எடுத்தேன். பட்டையில் நாய் வாசனை அடித்தது. உட்பக்கத்தில் அவன் முடி இரண்டு ஒட்டியிருந்தது. வெட்டக் கை வரவில்லை, ஐயா. கேட்காமல் எடுத்ததையெல்லாம் வெண்ணெய் மாதிரி வெட்டிய கை, தாமாகக் கொடுத்ததை வெட்ட மறுத்துவிட்டது. வெட்கமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

இதோ பட்டை. முழுசாக இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

டீச்சரிடம் நானே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முன்னாலேயே பேசிவிடுகிறேன். போனைச் சத்தமாகவே போடுகிறேன், நீங்களும் கேளுங்கள்.

"டீச்சர், சுவிசேஷமுத்து பேசுதேன். வண்டி வந்துட்டா? வந்தாத் திருப்பி அனுப்பிருங்க. சிம்சோன் ஒண்ணையும் கடிக்கல. எல்லாம் நான்தான். பிளேடு வச்சு வெட்டுனேன்."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"செருப்பு, பை, எபனேசர் அண்ணாச்சி உறை, எல்லாம். அந்தத் தோல்லதான் சாட்டை பின்னுனேன்."

"எங்கிட்ட இருக்கது?"

"உங்க கைப்பை மூடி."

பின்னால் யாரோ பெட்டியை வண்டியிலிருந்து இறக்குகிற சத்தம் கேட்டது அல்லவா, அது அவனுடைய சாமானாகத்தான் இருக்கும்.

"நாலு பல்லுள்ள பிள்ளைமேல பழியப் போட்டியளே அண்ணாச்சி. நான் இப்ப அவனக் கூட்டிக்கிட்டு அங்கன வாறேன். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். வரட்டும். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், அவனுக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே தெரியுமே. பட்டையை நானே அவன் கழுத்தில் மாட்டிவிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறேன். கிறிஸ்டிக்கும் இன்று எழுதிவிடுகிறேன். மனசு லேசாகிவிட்டது, ஐயா. அந்த ஆசை இப்போது என்னிடம் துளியும் இல்லை. விட்டது விட்டதுதான், நானே ஆச்சரியப்படுகிறேன்.

டீச்சர் அவனுக்குப் பாலில் பன் ஊறவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். எப்படியும் கால்மணி நேரம் ஆகும். அதற்குள் எனக்காக ஒரு ஜெபம் ஏறெடுங்கள். நீங்கள் அந்த நாற்காலியிலேயே இருங்கள், நான் முட்டி வலிக்காரன், நிலைப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். பாட்டுப் புத்தகம் என் கையில் இருக்கட்டும், அது பழக்கம். உங்கள் செருப்பு அருமையான கன்றுத் தோல், ஐயா, இறங்கும்போதே கவனித்தேன், இந்தக் காலத்தில் யார் அப்படிப் போடுகிறார்கள்.

கண்ணை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். தேசத்திலிருந்தே தொடங்கலாம். ஆமென் மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.