பெஞ்சில் யார் இருக்கிறார்கள்?

வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நம் கழகத்தின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் ஆளாய் வந்து நிற்பவரும், இந்த மாலையின் தலைவருமான ராஜகோபாலன் ஐயா அவர்களே! மேடையை அழகு செய்யும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அணியின் ஆட்டம் பேச வந்திருக்கும் அன்னையரே! தாம்பரம் ஏரிக்கரைக் கூடைப்பந்துக் கழகத்தின் கண்ணின் மணிகளே! துணிக்கடைக்காரி அக்தர் பேகத்தின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

சீசன் தொடங்கப் போகிறது. களம் இறங்கும் நம் ஐவரும் நாற்பதைத் தொட்டவர்கள். "அனுபவம் போதும்" என்கிறது ஒரு கட்சி. "புது ரத்தம் வேண்டும்" என்கிறது மறு கட்சி. யாரை எடுப்பது? யாரை விடுப்பது? டீக்கடையில் தொடங்கிய வழக்கு இந்தத் திருமண மண்டபம் வரை வந்திருக்கிறது.

தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்ல வந்தேன்.

போன சீசன், படப்பையில் அரையிறுதி. எதிரே காட்டாங்குளத்தூர் மாணவர் அணி. பனைமரம் பன்னிரண்டு ஓடி வந்தது போல் வந்தார்கள்! நம் பக்கம்? ஏழே பேர். மற்றவர்களுக்கு ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு வேலை. களத்தில் ஐவர், மாற்றுக்குப் பெஞ்சில் இருவர். அவ்வளவுதான் நம் படை, அவ்வளவுதான் நம் பலம்!

மூன்றாவது பகுதியில் நம் ஆரோனுக்குக் கணுக்கால் மடங்கியது. பள்ளி வேன் ஓட்டுகிறாரே, அந்த ஆரோன்தான். தாங்கிப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு தொடங்கியது சோதனை. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். உஸ்மான் போனார். அவரை அடுத்து ஒருவர். அவரையும் அடுத்து ஒருவர். மாற்று ஆள் இல்லை! ஐவர் இருக்க வேண்டிய இடத்தில் மூவர்! கடைசி நிமிடம். இரண்டு புள்ளி நாம் முன்னிலை.

மூன்று பேர் ஐந்து பேரைத் தடுக்க முடியுமா? முடியுமா தாய்மார்களே?

(என்ன தம்பி? "முடியாது" என்கிறாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

அப்போது ஆரோன் எழுந்தார். கேப்டன் ஜெபகுமார் பதறிப் போய், "உட்கார்ரா மச்சான், கால் போய்டும்!" என்று கத்தினார். ஆரோன் சொன்ன பதில் கேலரி வரை கேட்டது.

"காலுதான் மச்சான் போச்சு. கையி நல்லாத்தானே கீது!"

நொண்டி நொண்டி வந்தார். நம் கூடைக்குக் கீழே நின்றார். இரு கைகளையும் உயர்த்தினார். ஓடவில்லை, ஓட முடியாது. நகரவில்லை, நகர வழியில்லை. நின்றார்! வீசும் புயலில் விளக்குக் கம்பம் நிற்பது போல நின்றார்!

அவர்களின் உயரமான பையன் ஹர்ஷா பாய்ந்து வந்தான். எழும்பினான். பந்தை விட்டான். ஆரோனின் விரல் நுனி அதைத் தொட்டது. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, நம் அஸ்கர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார், முடிவு விசில் ஒலித்தது! வெற்றி! பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு கைத்தட்டல், அதைத் தொடங்கியவர்கள் எதிரணி ரசிகர்கள்!

ஆரோனால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றியவன் யார்? தோற்றுப்போன ஹர்ஷா. "ஏன்ணா இறங்குனீங்க? இந்தக் காலோட?" என்று கேட்டான்.

"பெஞ்ச்ல வேற யாரும் இல்லப்பா."

இறுதிப் போட்டியில் தோற்றோம். அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த கோப்பையின் படத்தோடு ஆரோன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சுஜி சொன்னாள்: "எல்லாரும் கை தட்டுனீங்க அக்கா. நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள்லேர்ந்து அவர பாத்ரூமுக்குத் தாங்கிக்கினு போனது நான் ஒருத்திதான்."

வாரக்கணக்கில் அந்த வேன் ஓடவில்லை. ஒரு மனிதனின் வீரத்தை வியந்தோம், வியந்தோம், வியந்துகொண்டே இருந்தோம். அந்த வீரம் ஏன் தேவைப்பட்டது என்று ஒருவராவது கேட்டோமா?

அதைக் கேட்டவன் ஹர்ஷா. படிப்பு முடிந்ததும் தன் நண்பர்கள் இருவரோடு நம் காலைப் பயிற்சிக்கு வந்து நின்றான். "அண்ணாங்களோட ஆடணும். இல்லன்னா பெஞ்ச்லயாவது உட்கார்றோம்" என்றான்.

(ஸ்ரீரங்கன் சார், "எதிரணிப் பசங்களா?" என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது! எதிரியைத் தோளில் சுமந்தவன் எப்படி சார் அந்நியன் ஆவான்?)

மூத்தவர்களை மூலையில் வைக்கவா இளையவர்களைக் கேட்கிறோம்? இல்லை! மூச்சு வாங்கும்போது ஒருவர் உட்காரலாம், வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லலாம். அந்த உரிமையை நம் வீரர்களுக்குத் தருவோம்! அதுவே அணி! அதுவே பலம்!

இளையவர்களையும் அணியில் சேர்க்கும் தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள் என்று கேட்க இருந்தேன். நீங்களே தூக்கிவிட்டீர்கள். ஐயா, எண்ணத் தேவையில்லை! அதோ, ஆரோனும் தூக்கியிருக்கிறார். பக்கத்தில் சுஜி, இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் பெருமனத்துக்கு என் நன்றி. களத்தில் காண்போம், வணக்கம், சலாம்!