வீட்டுக்கு அடியில ஒரு தூணு

…பழைய கரிச்சொரங்கக் குழிய மூடுறவனுங்க ஒழுங்கா மூடிட்டுப் போகணுமா வேணாமா தம்பி? நீங்களே சொரங்க ஆபீசுலேருந்து வந்திருக்கீங்க, சொல்லுங்க. அடி வரைக்கும் கல்லு மண்ணு போட்டு ரொப்பணும். மேல கான்கிரீட்டு மூடி. உள்ள சேருற வாயு போக ஒரு கொழாய். அவ்ளோதானே? இவனுங்க நாலு பலகைய போட்டு, மேல மண்ணத் தூவி, "அபாயம்"னு போர்டு மாட்டிட்டு ரயிலேறிட்டானுங்க! பலகை மக்கிப்போயி, அடுத்த வீட்டு ஹில்டாவோட கோழிக்கூடே உள்ள போயிடுச்சு. கோழிங்க தப்பிச்சிருச்சு. சேவல் மட்டும்… விடுங்க.

உக்காருங்க. அய்ய, அந்த நாற்காலி வேணாம், அது ஜன்னல் பக்கமா ஓடும். ஜூர் சூப்பு குடிங்க. இருங்க, தட்டுக்கு அடியில ஆப்பு வெக்கிறேன். இந்தத் தெருவே இப்படித்தான் சாப்பிடுது. என்ன பாக்குறீங்க, சொரங்கக்காரங்களக் காக்குற பார்பராம்மா படமா? படம் நேராத்தான் இருக்கு, சுவருதான் சாஞ்சிருக்கு.

இதுக்குப் போயி வீட்டக் காலி பண்ணுங்கறான் நகராட்சிக்காரன்! கல்யாணமாகி வந்த வீடு தம்பி. இத விட்டா எனக்குப் போக்கிடமே இல்ல. நல்லபடியா எழுதிக் குடுங்க. துளை போட்டு சிமெண்டுக் கொழம்பு ஊத்தணும்னீங்களே, தாராளமா ஊத்துங்க. தோட்டத்துல ஊத்துங்க. நெலவறைப் பக்கம் மட்டும் வேணாம். அங்க… முட்டைக்கோசு ஊறுது.

என்ன சத்தமா? எலி.

ஆமா, எலி இருமாதுதான். சரி, எங்க வீட்டுக்காரரு அலோய்ஸ். குளிருக்கு என்ன பண்றது? சிலேசியாவுல பொறந்துட்டு, காலுக்கடியில கரிய வெச்சிக்கிட்டு கடையில போயி வாங்குனா ஊரு சிரிக்காதா? நெலவறை வழியா எறங்கி கொஞ்சமாத்தான் வெட்டுவாரு. வெவரமான மனுஷன். வீட்டத் தாங்கட்டும்னு அந்தக் காலத்துல விட்டுட்டுப் போன கரித்தூணு ஒண்ணு இருக்கு, அதத் தொடவே மாட்டாரு.

வா அலோய்ஸ், கால தொடச்சிட்டு வா. அடேங்கப்பா, எவ்ளோ பெரிய கட்டி! பளபளன்னு… யோவ், இத எங்கேருந்து எடுத்த?

தம்பி! அந்தக் கதவு தெறக்காது தம்பி! சட்டம் கோணிக்கிச்சு, சாத்துனா இவரு தோளு குடுத்தாத்தான்… ஐயோ, ஜன்னல் வழியா குதிச்சிட்டாரே! பை இங்கயே கெடக்கு! என்னது? நாங்களும் குதிக்கணுமா? ஒரு நிமிஷம் இருங்க தம்பி!

அலோய்ஸ், நீ என்னய்யா முழிச்சிக்கிட்டு நிக்கிற? ஓடு! எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சிட்டு வா!