வினிஃப்ரெட் கிழிச்ச பாவாடை

பின்னால நிக்கிறவங்க முன்னால வாங்கம்மா, இடம் இருக்கு. சொல்ல வந்ததை அப்படியே சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும்... அதனால ஒருத்திக்கு நடந்ததைச் சொல்றேன். சின்னதுதான்.

இங்கிலாந்துல லீட்ஸ்னு ஒரு ஊர். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்போ அங்க பொம்பளைங்களுக்கு ஒரு ஃபேஷன் வந்துச்சு. கணுக்கால்கிட்ட குழாய் மாதிரி இறுக்கிப் பிடிக்கிற பாவாடை. எட்டி நடந்தா கிழிஞ்சிடும். கிழியக்கூடாதுன்னு சில பேர் என்ன பண்ணாங்க தெரியுமா? முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலையும் சேர்த்து ஒரு பட்டை கட்டிக்கிட்டாங்க. யாரும் பிடிச்சுக் கட்டலை... தானே கட்டிக்கிட்டாங்க!

அந்த ஊர்ல வினிஃப்ரெட்னு ஒரு பொண்ணு. வசதியான வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவ. அவளுக்கு ஒரே தங்கச்சி, ஹெட்டி. பிழைப்புக்காகக் கனடாவுக்குக் கப்பல் ஏறப் போறா. அப்போ கனடா போறதுன்னா... திரும்பி வர்றது நிச்சயமில்ல. துறைமுகத்துக்கு மத்தியானம் ரயில்.

வழியனுப்பப் போக, வினிஃப்ரெட் பழைய பாவாடையோட வாசலுக்கு வந்துட்டா. மாமியார் விடலை.

"இதோடவா வர்றே? அங்கிருந்து நேரா டீ விருந்துக்குப் போகணும். புதுசைப் போட்டுக்கிட்டு வா."

"நேரமாச்சு அத்தை..."

"ரயில் எங்கயும் ஓடிப்போயிடாது."

ரயில் ஓடாம வேற என்னம்மா பண்ணும்?

அந்தக் குழாய்ப் பாவாடையும் பட்டையுமா மாமியாரோட ஸ்டேஷனுக்குப் போனா, தங்கச்சி ஏறின ரயில் அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துல. நடுவுல படிக்கட்டு வச்ச பாலம். முதல் படிக்கே கால் தூக்க வரலை. பக்கவாட்டுல திரும்பி, ஒவ்வொரு படியா... ஒவ்வொரு படியா... விசில் ஊதிட்டான்!

"அத்தை, கிளம்புது!"

"கத்தாதே. வக்கீல் வீட்டம்மா நம்மளையே பார்க்கிறாங்க."

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க...

அவ படியிலயே உட்கார்ந்தா. பட்டையை அவிழ்த்து எறிஞ்சா. தையல்ல ரெண்டு கையையும் விட்டு... டர்ர்ர்! முழங்கால் வரைக்கும். எழுந்து ஓடினா. தொப்பி விழுந்துச்சு, திரும்பிப் பார்க்கலை. ரயில் நகருது. ஹெட்டி ஜன்னல்ல தலையை நீட்டித் தேடிக்கிட்டிருக்கா.

"ஹெட்டி! ஹெட்டி!"

கையைப் பிடிச்சுட்டா! கூடவே ஓடறா. அழுதுகிட்டிருந்த தங்கச்சி, அக்கா கோலத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சுட்டா. "என்னக்கா இது!" அவ்வளவுதான்... கை நழுவிடுச்சு.

அதுக்கப்புறம் ஊரெல்லாம் அதே பேச்சு. எந்த வீட்லயும் வினிஃப்ரெட்டை விருந்துக்குக் கூப்பிடலை. தெருவுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மாமியார் கேட்டாங்க: "ஒரு நிமிஷத்துக்காகக் குடும்ப மானத்தையே வாங்கிட்டியே?"

அவ சொன்னா: "எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நிமிஷம்தானே அத்தை."

ஹெட்டி திரும்பி வரவே இல்ல.

இப்போ உங்களைக் கேட்கிறேன்... மேல படிக்க சீட் கிடைச்சும், சொந்தக்காரங்க என்ன சொல்வாங்களோன்னு முடங்கிக் கிடக்கிற பொண்ணு இந்தக் கூட்டத்துல இல்லையா? ஆஸ்பத்திரியில கிடக்கிற அம்மாவைப் பார்க்க, வீட்ல போகச் சொல்லட்டும்னு காத்திருக்கிறவங்க இல்லையா? உங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு இங்க நிலைகொள்ள மாட்டேங்குது. மரியாதை, மரியாதைன்னு மெதுவா நடக்கிறீங்களே... அங்க ஒருத்தர் உங்களுக்காக வாசலையே பார்த்துக்கிட்டிருக்காங்கம்மா. பேசறவங்க பேசட்டும், பேசிக்கிட்டே இருக்கட்டும்.

அம்மாவைப் பார்க்கணுமா? சாயங்காலம் பஸ் இருக்கு. கிளம்புங்க.