பின்னணியில் சத்தம் கூடாது

இல்ல தம்பி, மார்க் தகராறு ஒண்ணும் இல்ல. மார்க்கெல்லாம் போட்டு, கையெழுத்து வாங்கி, கட்டித் தூக்கி வச்சாச்சு. எனக்கு ஒரே ஒரு பொண்ணோட பழைய ரெக்கார்டிங் வேணும், அவ்வளவுதான். அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சுட்டு அடுத்த வருஷத்துக்குக் காலி பண்றீங்கன்னு நோட்டீஸ் போர்டுல பார்த்தேன். பார்த்ததும் ரெண்டு மாடி இறங்கி ஓடி வந்தேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஓடறதுன்னா என்னன்னு உங்களுக்கு இன்னும் முப்பது வருஷம் கழிச்சுத் தெரியும்.

இந்த அட்டைப்பெட்டியைக் கீழ வச்சுட்டு உக்காந்துக்கறேன். அப்பா, என்ன குளிரு! கம்ப்யூட்டருங்களுக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல ராஜ மரியாதை. எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஃபேன், அதுவும் அது நினைச்சாத்தான் சுத்தும்.

பேரா? ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. பேரைத் தேடாதீங்க, ஆமைன்னு போடுங்க. சிரிக்காதீங்க தம்பி, நெஜமாத்தான். ஆன்லைன்ல வினாடி வினா வைக்க ஆரம்பிச்சப்ப, ஆளுக்கொரு புனைபேர் வச்சுக்கச் சொன்னேன். சொந்தப் பேர்ல தப்பா சொன்னாத்தானே மானம் போகும்? ஒருத்தன் சிங்கம், ஒருத்தி ராக்கெட், கடைசி பெஞ்சுல ஒரு வாலு ஹெட்மாஸ்டர்னே வச்சுக்கிச்சு. நாலு வாரமும் ஹெட்மாஸ்டர்தான் கடைசி இடம். நான் அதை வகுப்புல சத்தமா வாசிக்க வேண்டியிருந்துச்சு. இவ ஆமை. ஏன்டி ஆமைன்னு வச்சுக்கிட்டேன்னு கேட்டா, எங்க வீட்டு நெட்டு அப்படி மிஸ்ங்கறா. நெட்டு ஆமையா இருந்தாலும் அவதான் எப்பவும் முதல்ல வருவா. நேர்ல கூப்பிட்டா தரையைத்தான் பார்ப்பா.

கெடைச்சுதா? அதேதான். தேடுங்க, தேடுங்க. நான் பேசறது தொந்தரவா இருந்தா சொல்லுங்க. வாத்தியாரம்மாங்களுக்கு வாயை மூட லீவு நாள்ல கூட வராது.

முப்பது வருஷமா பார்க்கறேன் தம்பி. எந்திரிச்சு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லுன்னா, முப்பத்தெட்டு பேரும் மேஜைக்கடியில எதையோ தேடுவாங்க. அதே பிள்ளைங்க கையில ஒரு போனைக் குடுத்து, தனியா போய் அதுகிட்ட பேசுன்னா பேசுதுங்க. அது சிரிக்காதுல்ல? அதான் இந்த ஒரு நிமிஷப் பேச்சை ஆரம்பிச்சேன். வாரம் ஒரு தலைப்பு, பேசி, பதிஞ்சு, அனுப்பணும். ஒருத்தன் டிவியில செய்தி வாசிக்கறவரைப் பதிஞ்சு அனுப்பிட்டான். பதினாலு வயசுக்கு அப்படி ஒரு கட்டைக்குரல்! நானும் அவசரத்துல எட்டு மார்க் போட்டுட்டேன். அப்புறம் ஸ்டாஃப் ரூமே சிரிச்சுது.

அதுக்கப்புறம்தான் கண்டிப்பா இருக்கணும்னு ஒரு அட்டவணை போட்டேன். உச்சரிப்புக்கு நாலு, வாக்கியத்துக்கு மூணு, பின்னணியில சத்தம் இல்லாம இருந்தா மூணு. ஆமாம் தம்பி, அந்த அட்டவணைதான். நாலு பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. மீட்டிங்ல எனக்குக் கை தட்டினாங்க. நானும் நல்லாத்தான் தலையை நிமித்தி உக்காந்திருந்தேன்.

என்ன, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒண்ணுதான் இருக்கா? முதல்ல அனுப்பினது இல்லையா?

ஆமாம். மறுபடின்னு ஒரு பட்டன் இருக்கு. நான் அதை அமுத்தினா, பிள்ளை திரும்பப் பேசி அனுப்பணும். புதுசு வந்து பழசு மேலேயே உக்காந்துக்குமா? தெரியாது தம்பி. பழசு எங்கயோ ஒரு மூலையில கிடக்கும்னு நினைச்சேன். நோட்டுல அடிச்சா அடிச்சது கீழ தெரியும்ல, அப்படி.

அவளுக்கு நான் எத்தனை தடவை மறுபடி அமுத்தியிருக்கேன்னு அதுல காட்டுமா? பதினொண்ணா. ம். பதினொண்ணு.

நல்லா பேசற பொண்ணு தம்பி. தப்புன்னு ஒண்ணும் கிடையாது. பின்னாடி சத்தம்தான். அவங்க அம்மா வீட்டுலேயே பை தைக்கறவங்க. பள்ளிக்கூடப் பை, சாக்குத்துணிப் பை, எல்லாம். இவ பேசப் பேச மெஷின் கடகடன்னு ஓடும். திடீர்னு நிக்கும். நின்னா, இவ சொன்ன இங்கிலீஷ் வாக்கியத்தை அந்த அம்மா மெதுவா அவங்க வாயால சொல்லிப் பார்ப்பாங்க. பாதியில மாட்டிக்குவாங்க. உடனே ஒரு சிரிப்பு. பெருசா இல்ல, மூக்காலயே சிரிக்கற மாதிரி. அந்தச் சிரிப்பைக் கேட்டு இவளும் சிரிச்சுருவா, பேச்சு குழம்பிரும். நான் என்ன எழுதினேன்? அறையில் வேறு ஆள் இருக்கிறார், மறுபடி. அடுத்த வாரம், இயந்திரச் சத்தம், மறுபடி. அழகா, சிவப்பு எழுத்துல.

அமைதியான அறையில உக்காந்து பேசுன்னு வகுப்புலயும் சொன்னேன். அது ஒரே ரூம் வீடுன்னு எனக்கு அப்பத் தெரியாது. பின்னாடி ஒரு நாள் போக வேண்டி வந்துச்சு. இந்த ரூம்ல பாதி இருக்கும். ஜன்னலோரம் மெஷின். அதுல பாதி தைச்ச ஒரு பை, ஊசி குத்தினபடி அப்படியே நிக்குது. கதவைத் திறந்தா நேரா படிக்கட்டு. வேற அறைன்னா அந்தப் பிள்ளை எங்க போவா?

அப்புறம் சரியாயிடுச்சு தம்பி. பத்தாவது வாரத்துலருந்து கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு சத்தம் இருக்காது. பத்துக்குப் பத்து. நல்ல முன்னேற்றம்னு எழுதி ஒரு நட்சத்திரம் கூட ஒட்டினேன்.

எது? ஒன்பதாவது வாரமா? அதுல மறுபடி இல்லையா? எல்லாருக்கும் ஏழு மார்க்கா? ஐயய்யோ. வெளிய சொல்லிராதீங்க. அந்த வாரம் கடவாய்ப் பல்லு பிடுங்கி, கன்னம் பந்து மாதிரி வீங்கிக் கிடந்தேன். ஒண்ணையும் கேக்காம எல்லாருக்கும் ஏழுன்னு தட்டி விட்டுட்டேன். முப்பது வருஷ வேலையில அந்த ஒரு வாரம்தான் ஏமாத்தினேன்.

அப்ப அது அவ முதல்ல அனுப்பினதா? அப்படியே இருக்கா? போடுங்க தம்பி. கொஞ்சம் சத்தமா வைங்க.

இருங்க. மெஷின் ஓடுது. கேக்குதா? நின்னுருச்சு. நாற்காலி இழுபடுது.

இன்னொரு தடவை போடுங்க. முதல்லருந்து. அந்த அம்மா என்ன சொல்றாங்க? நீ பேசும்மா, நான் வெளிய நிக்கறேன். முடிஞ்சதும் கதவைத் தட்டு, உள்ள வரேன். அதானே சொல்றாங்க? நீங்களும் அப்படித்தானே கேட்டீங்க? அப்புறம் கதவு சாத்தற சத்தம். இவ முன்னாடியே அமுத்திட்டா போல, ரெக்கார்டிங் ஓடறது அந்த அம்மாவுக்குத் தெரியல.

பேசறா பாருங்க. மெஷின் ஊசியில நூல் கோக்கறது எப்படின்னு. ஒரு வேலையைப் படிப்படியா விளக்குன்னு நான்தான் தலைப்பு குடுத்தேன். முதலில் விளக்கைப் போடவும், நூலின் நுனியை வெட்டவும், அப்படின்னு இங்கிலீஷ்ல எவ்வளவு திருத்தமா சொல்றா. அதைச் சொல்லிக் குடுத்தவங்க படிக்கட்டுல நிக்கறாங்க.

இது போதும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம். இந்தாங்க பென் டிரைவ்.

என்னது? சுத்தம் பண்ணியா? மெஷின் சத்தம், கதவுச் சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டு, பொண்ணு குரலை மட்டும் பளிச்சுன்னு தரேங்கறீங்களா? வேண்டாம், வேண்டாம். கையை எடுங்க அதுலருந்து. கோவிச்சுக்காதீங்க, நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அந்த வேலையைத்தான் நான் வருஷம் பூரா செஞ்சேன்.

அந்த அம்மா போய் இன்னையோட பதினெட்டு நாள் ஆச்சு. மூணு நாள் காய்ச்சல்தான். வீட்டுல இருந்தது ஒரே போன். அதுல எடுத்ததெல்லாம் பொண்ணோட படம். எடுத்தவங்க குரல் எதுலயும் இல்ல. காலையில ஆமை எனக்கு எழுதியிருந்தா, இங்கிலீஷ்லதான். ஒரு பிழை கிடையாது. மிஸ், என்னோட பழைய ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்குமா, நல்லா இருக்கறது வேண்டாம், நீங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பினது இருந்தாப் போதும்னு.

கடைசியை மட்டும் இன்னொரு தடவை போடுங்களேன். பேசி முடிச்சுட்டா. எந்திரிச்சு நடக்கறா. தட்டறா, டொக் டொக். கேட்டீங்களா? இதுக்கப்புறம் கதவு திறக்கும்ல? உள்ள வந்துட்டாங்கன்னா ஏதாவது சொல்லியிருப்பாங்க. முடிஞ்சுதா கண்ணுன்னாவது. மெஷினாவது மறுபடி ஓடும். கொஞ்சம் தள்ளிப் பாருங்க.

அதோட நின்னுருச்சா?

ஓ. ஆமாம், மறந்தே போயிட்டேன். அறுபது செகண்டு ஆனா தானா நின்னுரும். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்.

சரி தம்பி. தட்டற வரைக்கும் இருக்குல்ல? அதை அப்படியே போட்டுக் குடுங்க.