ஜெய்சல்மேரில் நம்ம முறை

பொன்னேரி பேருந்து திருப்பாலைவனத்தைத் தாண்டியதும், என் முன்சீட்டு மீனவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

“ஜெய்சல்மேர் வரிக்கும் போயும் கோட்டைக்குள்ள போவல மச்சான்.”

“இன்னாத்துக்கு?”

“வாசல்ல ஒரே கூட்டம். இன்னிக்கி எந்த ஊரு மொறைனு கேட்டா ஒருத்தனுக்கும் தெரில.”

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். “நம்ம ஏரியிலதான் ஊருக்கு ஒரு நாளுனு மொறை வெச்சி வல போடறோம். சுத்திப் பாக்கறதுக்கு இன்னாயா மொறை?”

“அடுத்தவன் மொறையில எறங்கினா திருட்டாச்சே! அதான் நானே சீட்டு குலுக்கினேன். இன்னிக்கி குஜராத்துக்காரங்கோ, நாளிக்கி நாம.”

“கேட்டாங்களா?”

“குஜராத்துக்காரங்கோ கும்புட்டுட்டு உள்ள போனாங்கோ.”

“மறுநாளு நீ போனியா?”

“எங்க? அன்னிக்கி சாயங்காலமே ரயிலு.”

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“அப்ப நம்ம மொறைய யாருக்குயா குட்த்துட்டு வந்த?”